ரேடியா பெர்ல்மன்: கேள்வி பதில்

கேள்வி (பொறியியல் மாணவி): கணினிப் பிணையத்தில் செய்திகள் வளையமாகச் சுற்றாமல் தடுக்கும் ஸ்பேனிங் ட்ரீ புரோட்டோகாலை கணினி அறிவியலாளர் ரேடியா பெர்ல்மன் எந்தச் சூழலில் உருவாக்கினார்?

பதில்: 1980களின் நடுப்பகுதியில் அவர் அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் பணியாற்றினார். கணினிகளைக் கேபிளால் இணைக்கும் ஈதர்நெட் முறையில், செய்தியின் ஆயுளை வரையறுக்கும் எண் எதுவும் இல்லை. ஆகவே, ஒரு கேபிள் அறுந்தாலும் மற்றொன்று இருக்கட்டும் என்று பிணையப் பகுதிகளை இணைக்கும் கருவிகளான பிரிட்ஜ்கள் இரண்டுக்கு இடையே கூடுதல் இணைப்பைக் கொடுத்தால், எல்லாக் கணினிகளுக்கும் போகும் ஒரே ஒரு பிராட்காஸ்ட் செய்தி அந்த வளையத்தில் ஓயாமல் சுற்றிப் பெருகி, பிணையம் முழுவதையும் முடக்கிவிடும். மேலாளர் ஒரு வெள்ளிக்கிழமை இந்தச் சிக்கலை ஒப்படைத்ததாகவும், பிணையம் எவ்வளவு வளர்ந்தாலும் பிரிட்ஜுக்குத் தேவையான நினைவகம் கூடக் கூடாது என்று கேட்டதாகவும், அன்றிரவே வழி புலப்பட்டதாகவும் பெர்ல்மனே கூறியிருக்கிறார். மேலாளர் விடுப்பில் இருந்த அடுத்த வாரத்தில் விவரக்குறிப்பை விரைவாக எழுதி முடித்துவிட்டு, எஞ்சிய நாள்களில் அந்த வழிமுறையையே ஒரு கவிதையாகவும் எழுதினார்.

கேள்வி: அவ்வளவு சிறிய நினைவகத்தில் அது எப்படி இயங்குகிறது?

பதில்: எந்த பிரிட்ஜும் பிணையத்தின் முழு வரைபடத்தை வைத்திருப்பதில்லை. கேபிள் செருகும் ஒவ்வொரு போர்ட்டிலும், மற்ற பிரிட்ஜ்களிடமிருந்து வந்தவற்றுள் சிறந்த செய்தியை மட்டும் நினைவில் கொள்கிறது. எல்லா பிரிட்ஜ்களும் மிகக் குறைந்த அடையாள எண் உள்ள பிரிட்ஜை வேராக, அதாவது பிணையத்தின் மையமாக, ஏற்றுக்கொண்டு, வேருக்குச் செல்லும் செலவு குறைந்த பாதையை வைத்துக்கொண்டு, வளையம் உண்டாக்கும் போர்ட்டை அடைத்துவிடுகின்றன. வேரிலிருந்து 2 நொடிக்கு ஒருமுறை வரும் செய்தி நின்றுபோனால், அடைபட்ட போர்ட் தானாகவே திறந்துகொள்ளும். மனிதர் யாரும் கைவைக்காமல் பிணையம் தன்னைத்தானே சரிசெய்துகொள்கிறதே, அதுதான் அவருடைய மேதைமை என்பேன்.

கேள்வி: அவருடைய சாதனை இது ஒன்றுதானா?

பதில்: அல்ல. பலர் இத்தோடு நிறுத்திக்கொள்வது எனக்கு வருத்தமே. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.யில் கணிதம் பயின்ற அவர், 1970களில் அங்கேயே சின்னஞ்சிறு குழந்தைகளும் நிரல் அமைக்கக்கூடிய கருவியை வடிவமைத்தார். இன்றும் இணையச் சேவை நிறுவனங்கள் பயன்படுத்தும், தகவல் செல்லும் பாதையைத் தீர்மானிக்கும் ஐ.எஸ்-ஐ.எஸ் ரூட்டிங் முறையில் அவருடைய பங்கு பெரியது. பிணையத்திலுள்ள சில கணுக்கள், அதாவது கருவிகள், தவறான தகவலைப் பரப்பினாலும் பிணையம் நிலைகுலையாதிருப்பது எப்படி என்பதே அவருடைய 1988ஆம் ஆண்டு முனைவர் பட்ட ஆய்வு.

கேள்வி: அவரை 'இணையத்தின் தாய்' எனலாமா?

பதில்: அந்தப் பட்டத்தை அவர் விரும்புவதில்லை, இணையம் எந்தத் தனியொருவரின் படைப்பும் அல்ல என்பது அவருடைய கருத்து.

கேள்வி (அலுவலகப் பிணைய நிர்வாகி): இன்று ஸ்பேனிங் ட்ரீயை அணைத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். பழைய முறையில் மாற்றுப் பாதை திறக்க 50 நொடி வரை ஆனது உண்மைதான். 2001இல் வந்த விரைவு வடிவம் அக்குறையைப் பெரிதும் நீக்கிவிட்டது. பிரிட்ஜின் இன்றைய வடிவமே ஸ்விட்ச்; மைய ஸ்விட்ச்சின் அடையாள எண்ணில் முதலில் வரும் முன்னுரிமை எண்ணை மட்டும் நீங்களே குறைத்து வையுங்கள். எல்லாவற்றிலும் 32768 என்றே விட்டுவிட்டால், ஒவ்வொரு கருவிக்கும் தயாரிக்கும்போதே தரப்படும் எண்ணான மேக் முகவரிதான் முடிவு செய்யும். அப்போது மூலையில் கிடக்கும் பழைய ஸ்விட்ச்சின் முகவரி மிகச் சிறியதாக இருந்தால், அதுவே வேராகிவிடக்கூடும்.