மூளை போல நினைவு வைக்கும் ஏஐ: மகள் ஆசைப்படுகிறாள், என்ன படிக்க வைப்பது?

உங்கள் மகள் மூளையைப் பார்த்து ஏஐக்கு நினைவாற்றல் அமைக்கும் துறைக்குப் போக வேண்டும் என்கிறாள், அப்படி ஒரு படிப்பு இருக்கிறதா, இருந்தாலும் வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். துறை உண்மையானதுதான். ஆனால் அதே பெயரில் இளநிலைப் பட்டம் என்று விளம்பரம் வந்தால் அவசரப்பட்டுப் பணம் கட்டாதீர்கள், ஏனென்றால் அதற்குள் போகிற வழி இன்னமும் கணிதமும் கணினி அறிவியலும்தான், கூடவே கொஞ்சம் நரம்பியல்.

அவள் பிடித்திருக்கும் பிரச்சினை சின்னது இல்லை. இன்றைய மொழி மாதிரிகள், அதாவது சாட்பாட்டுகளுக்குப் பின்னால் இருக்கும் ஏஐ நிரல்கள், பெரும்பாலும் பயிற்சி முடிந்த இடத்திலேயே நின்றுவிட்டவை. நாம் சொல்வதை அந்த உரையாடலுக்குள் வைத்துக்கொண்டு பதில் சொல்லும், அதைத் தாண்டினால் வெளியே ஓரிடத்தில் எழுதிவைத்து மறுபடி எடுத்துக் கொடுக்க வேண்டும். கேள்வி பதிலோடு முடிகிற சாட்பாட்டுக்கு இது போதும். தானே திட்டம் போட்டு நாள் கணக்கில் வேலை பார்க்கிற ஏஜென்டுக்குப் போதாது, நேற்று எந்த வழி தோற்றது என்று தெரியாவிட்டால் இன்றும் அதிலேயே போய் முட்டும்.

புதிதாக வருவதை எல்லாம் சேர்த்துப் பயிற்சி கொடுத்துக்கொண்டே இருக்கலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். நியூரல் நெட்வொர்க்குக்கு, அதாவது நரம்பணுக்களின் வலையைப் பார்த்து அமைத்த கற்கும் நிரலுக்கு, புதியதை மட்டும் தொடர்ந்து கற்றுக்கொடுத்தால் பழையதை மோசமாக மறந்துவிடும் என்பதை மெக்லாஸ்கி, கோஹன் என்ற ஆய்வாளர்கள் 1989இலேயே காட்டிவிட்டார்கள். மூளை எப்படிச் சமாளிக்கிறது? 1953இல் கடுமையான வலிப்புக்காக ஹென்றி மொலைசன் என்பவருக்கு மூளையின் இரண்டு பக்கமும் ஹிப்போகேம்பஸ் என்ற உட்பகுதியில் பெரும்பங்கை எடுத்தார்கள். அதன் பிறகு நடந்த கிட்டத்தட்ட எதுவும் அவர் மனதில் தங்கவில்லை, பழைய நினைவுகள் பல இருந்தன. ஆனால் அவரை ஆராய்ந்த உளவியலாளர் பிரெண்டா மில்னர் கண்ணாடியைப் பார்த்து நட்சத்திரம் வரையச் சொன்னபோது, முந்தைய நாள் வரைந்ததே நினைவில்லாமல் நாளுக்கு நாள் நன்றாக வரைந்தார்! நினைவு என்பது ஒரே சரக்கு இல்லை என்பது இதில்தான் பளிச்சென்று தெரிந்தது. 1995இல் மெக்லெலாண்ட், மெக்நாட்டன், ஓ'ரைலி என்ற மூன்று ஆய்வாளர்கள் இதைக் கணினி மாதிரியோடு இணைத்தார்கள்: ஹிப்போகேம்பஸ் ஒரு சம்பவத்தைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும், அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்காட்ட, மூளையின் வெளி அடுக்கான புறணி மெதுவாகக் கற்றுக்கொள்ளும், அதனால் பழையது கலையாது. எலிகள் விழித்திருக்கும்போது சேர்ந்து இயங்கிய நரம்பணுக்கள் பிறகு தூக்கத்திலும் சேர்ந்து இயங்கியதை அதற்கு முந்தைய வருடமே வில்சனும் மெக்நாட்டனும் அளந்திருந்தார்கள். அடாரி வீடியோ கேம்களைக் கற்றுக்கொண்ட டீப்மைண்ட் என்ற ஏஐ நிறுவனத்தின் நிரல், 2015இல் நேச்சர் இதழில் வந்தது, அதிலும் பழைய அனுபவங்களைச் சேமித்து மறுபடி ஓட்டும் உத்தி உண்டு.

இன்னொரு பக்கம், 'மூளை போன்ற நினைவகம்' என்று விற்கப்படுவதில் நிறைய வெறும் தேடல் வசதியுள்ள டேட்டாபேஸ்தான். அதைக் குறையாகச் சொல்லவில்லை, சம்பளம் தருகிற வேலை இப்போதைக்கு அதிகமாக அங்கேதான் இருக்கிறது: எதைச் சேமிப்பது, எதை அழிப்பது, தேவையானபோது சரியானதை எப்படி எடுப்பது, பயனர் அழிக்கச் சொன்ன தகவல் நிஜமாகவே போனதா என்று சோதிப்பது. இதற்கு நல்ல இளநிலைப் பட்டமும் தானே செய்து பழகிய அனுபவமும் போதும். புதிய கற்றல் முறைகளைக் கண்டுபிடிக்கிற ஆராய்ச்சிதான் வேண்டும் என்றால் பெரும்பாலும் முனைவர் பட்டம் வரை போக வேண்டியிருக்கும், அத்தனை வருடம் வீடு தாங்குமா என்பதை இப்போதே உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

ஏஐயே இந்த வேலையையும் செய்துவிடாதா என்ற உங்கள் பயம் பாதி சரி. கருவிகளை ஒன்றோடொன்று ஒட்டுகிற கோடிங் மலிவாகிவிடும் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் நினைவகம் சேர்த்த பிறகு ஏஜென்ட் உண்மையிலேயே தேறியதா, பழைய தவறான தகவலைப் பிடித்துக்கொண்டு இன்னும் கெட்டதா என்று அளக்கத் தெரிந்தவர்களுக்கு அவ்வளவு சீக்கிரம் மாற்று வராது, அதற்குப் புள்ளியியல் வேண்டும். உயிரியல்தான் அவளுக்கு உயிர் என்றால் நரம்பியலே எடுக்கட்டும், பைத்தான் என்ற நிரல் மொழியையும் நிகழ்தகவையும் விடாமல்.

சேர்க்கைக்கு முன் அவளை ஒரு சின்னச் சோதனை செய்யச் சொல்லுங்கள். எம்னிஸ்ட் என்று கையெழுத்து எண்களின் இலவசத் தொகுப்பு இருக்கிறது, பயிற்சிக்கு 60,000 படங்கள். முதலில் 0 முதல் 4 வரை கற்றுக்கொடுக்கட்டும், அப்புறம் 5 முதல் 9 வரை மட்டும், பிறகு பழைய எண்களில் மதிப்பெண் எப்படிச் சரிகிறது என்று பார்க்கட்டும். அடுத்த முறை பழைய படங்களில் கொஞ்சம் கலந்து கொடுத்து வித்தியாசத்தை வரைபடமாக்கட்டும். சாதாரண லேப்டாப்பே போதும். எத்தனை பழைய படம் கலந்தால் போதும், எதைக் கலப்பது என்று அவளாகவே அடுத்த கேள்விக்குப் போனால் ஆசை நிஜம். சலித்துப்போனாலும் சரி, கட்டணம் கட்டுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

கல்லூரியில் விசாரிக்கும்போது கட்டடத்தையும் ஏஐ என்ற பலகையையும் விட்டுவிட்டு, முதல் இரண்டு வருடத்தில் லீனியர் அல்ஜீப்ராவும் நிகழ்தகவும் எத்தனை பருவம், நரம்பியல் அல்லது அறிதல் அறிவியலில் விருப்பப் பாடம் எடுக்க அனுமதி உண்டா, இளநிலை மாணவர்களை ஆய்வகத்தில் சேர்க்கிற ஆசிரியர் யார் என்று கேளுங்கள்.