ஊட்டிக் குளிருக்கு ஹார்ட் டிஸ்க் செத்துப்போகுமா? – கம்ப்யூட்டர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா வணக்கம். 2017-ல வாங்குன லேப்டாப், 6-வது தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். காலைல ஆன் பண்ணிட்டுப் போய் டீ வச்சு குடிச்சு டம்ளரைக் கழுவி கவுத்திட்டு வந்தாலும் இன்னும் வட்டம் சுத்திட்டே இருக்குங்ணா. அப்பாவோட பச்சைத் தேயிலை கணக்கு மொத்தமும் அதுலதான். கடையில புதுசு வாங்கிக்கோங்கன்னுட்டாங்க. பெரியப்பா பையன் என்னடான்னா மலைல காத்து கம்மி, ஹார்ட் டிஸ்க் தாங்காது, எஸ்எஸ்டி போடுங்கறான். நிஜமா? – வாசகி, கோத்தகிரி

பதில்: எஸ்எஸ்டி, அதாவது சுத்துற தட்டு இல்லாம சிப்புலயே சேமிச்சு வைக்கற டிரைவ், அதைப் போடச் சொன்னது சரிதான்மா, சொன்ன காரணம்தான் தப்பு. ஹார்ட் டிஸ்க் காத்தை நம்பி ஓடுற சாமான்ங்கறது உண்மை. உள்ள இருக்கற தட்டு நிமிஷத்துக்கு 5,400 சுத்து சுத்தும், அந்த வேகத்துல கிளம்புற காத்து மேலதான் தட்டைப் படிச்சு எழுதற ஹெட்டு மிதக்கும், தட்டுக்கும் அதுக்கும் நடுவுல சில நானோமீட்டர்தான் இடைவெளி. கழட்டிப் பார்த்தீங்கன்னா மேல குண்டூசித் தலை மாதிரி ஒரு ஓட்டை தெரியும், பக்கத்துல மூடாதேன்னு எழுதியிருப்பான், வெளிய இருக்கற காத்தழுத்தம் உள்ளயும் வரணும்னுதான் அது. காத்து ரொம்ப மெலிஞ்சா ஹெட்டு தாழ்ந்து தட்டுல உரசிடும், அதனால கம்பெனிக்காரங்க பெரும்பாலும் 3,048 மீட்டர், அதாவது 10,000 அடின்னு எல்லை போட்டிருப்பாங்க. நம்ம தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான், தமிழ்நாட்டுல அதுக்கு மேல ஏற இடமே கிடையாது. லடாக்ல லே பக்கம் இருக்கறவங்க வேணா கவலைப்படட்டும்.

குளிர்ல ஒண்ணு மட்டும் பாருங்க, ஜனவரில பனி விழுற காலைல லேப்டாப்பை வெளிய கொண்டுபோய்ட்டு நேரா அடுப்பங்கரைக்குள்ள வந்து ஆன் பண்ணாதீங்க, கண்ணாடில ஆவி படியற மாதிரி உள்ளயும் ஈரம் படியும், அரைமணி நேரமாவது பையிலயே கிடக்கட்டும். இது எஸ்எஸ்டிக்கும் சேர்த்துத்தான்.

சரி, ஏன் ஸ்லோ? டாஸ்க் மேனேஜரைத் திறந்து டிஸ்க்னு தலைப்பு போட்டிருக்கற வரிசையைப் பாருங்க, ஆன் பண்ணி பத்து நிமிஷம் ஆகியும் 100 சதவீதம்னு செவப்பா நின்னா குத்தவாளி ஹார்ட் டிஸ்க்தான். விண்டோஸ் எழுந்திரிக்கறதுக்கு ஆயிரக்கணக்கான சின்னச்சின்ன ஃபைலை அங்கயும் இங்கயுமா தேடிப் படிக்கும், ஹார்ட் டிஸ்க்ல ஒவ்வொரு தடவையும் ஹெட்டு நகர்ந்து தட்டு சுத்தி அந்த இடம் வர்றதுக்கு 10 மில்லிசெகண்டுக்கு மேல ஆகும், எஸ்எஸ்டில நகர்ற பாகமே இல்லாததால 0.1 மில்லிசெகண்டுக்குள்ள முடிஞ்சுடும். டப்பா மேல 550 எம்பி வேகம்னு பெருசா போட்டிருக்கறது பெரிய ஃபைல் காப்பி பண்ணும்போதுதான், நமக்கு தினசரி தெரியற வித்தியாசம் இந்த தேடுற நேரத்துலதான் இருக்கு.

வாங்குறப்போ 2.5 இஞ்ச் சாட்டா எஸ்எஸ்டின்னு கேளுங்க, பழைய ஹார்ட் டிஸ்க் இருக்கற இடத்துலயே மாட்டுற வகை அது. சில லேப்டாப்ல குச்சி மாதிரி எஸ்எஸ்டி மாட்டுற எம்.2 ஸ்லாட்டும் இருக்கும், ஆனா அதுல சாட்டா, என்விஎம்இன்னு ரெண்டு வகை, ஸ்லாட்டு ஒண்ணு மாதிரி தெரிஞ்சாலும் ஒண்ணுக்கு வாங்குனது இன்னொண்ணுல வேலை செய்யாம போகலாம், மாடல் நம்பரை வச்சு மேனுவல்ல பார்த்துட்டு வாங்குங்க. கணக்கும் போட்டோவும்தான்னா 1 டிபி எதுக்கு, 500 ஜிபி தாராளம். மிச்சமாகுற காசுல 4 ஜிபி ராமை 8 ஆக்கிடுங்க, இதை விட்டுட்டா பாதி வேலைதான் பண்ணின மாதிரி.

இன்னொண்ணு, உங்க ஐ3 ப்ராசசருக்கு விண்டோஸ் 11 முறைப்படி வராது, விண்டோஸ் 10-க்கு வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-லயே முடிஞ்சுது. எஸ்எஸ்டி அதுக்கு மருந்து இல்ல. கணக்கு போட்டுட்டு இருக்கற மெஷின்னா விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட்னு இலவச ஓஎஸ் ஏத்திப் பாருங்க, எங்க வீட்ல அப்படித்தான் ஓடுது. எது பண்றதா இருந்தாலும் அப்பா கணக்கை மொதல்ல பென்டிரைவ்ல எடுத்து வச்சுட்டு அப்புறமா ஸ்க்ரூல கை வைங்க.

கேள்வி: சார், என்னோட 500 ஜிபி டிஸ்க்ல 120 ஜிபிதான் சாமான் இருக்கு. 480 ஜிபி எஸ்எஸ்டி வாங்கி குளோன் பண்ணப் போனா இடம் பத்தாதுங்குது. ஏமாத்திட்டாங்களா? – வாசகர், குன்னூர்

பதில்: யாரும் ஏமாத்தலைங்க. குளோன்னா பழைய டிஸ்க்கை விண்டோஸோட சேர்த்து அப்படியே புதுசுக்கு நகல் எடுக்கறது. கம்பெனிக்காரன் ஆயிரத்தால எண்ணுறான், விண்டோஸ் 1,024-ஆல எண்ணுது, அதனால 500 ஜிபி உள்ள 465-னு தெரியும், உங்க 480 வெறும் 447. சில சாஃப்ட்வேர் உள்ள எவ்ளோ இருக்குன்னு பார்க்காது, பார்ட்டிஷன், அதாவது சி டிரைவ் மாதிரி பிரிச்சு வச்ச பகுதி, எவ்ளோ பெருசுன்னுதான் பார்க்கும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டுக்குப் போய் பழசுல சி டிரைவை ஷ்ரிங்க் பண்ணி, அதாவது சுருக்கி, 300 ஜிபிக்குள்ள கொண்டுவாங்க, பிட்லாக்கர்ங்கற விண்டோஸ் டிஸ்க் பூட்டு ஆன்ல இருந்தா அதையும் நிறுத்தி வச்சுட்டு, யூஎஸ்பி-சாட்டா கேபிள்ல எஸ்எஸ்டியை மாட்டி குளோன் போடுங்க, கிளம்பிடும்.

எதுலேர்ந்து எதுக்குன்னு கேக்குற இடத்துல மட்டும் கண்ணை நல்லா தொறந்து வைங்க. நான் ஒரு ராத்திரி ரெண்டும் ஒரே அளவு டிஸ்க்கா வச்சுக்கிட்டு, தூக்கக் கலக்கத்துல காலி எஸ்எஸ்டியை பழைய டிஸ்க் மேல குளோன் பண்ணிட்டேன். மச்சினன் கல்யாண போட்டோ அம்புட்டும் போச்சு, அவர் பெருந்தன்மையா ஒண்ணும் சொல்லல, வீட்டம்மாதான் இன்னிக்கு வரைக்கும் சொல்லிக் காட்டுவா. அளவைப் பார்க்காதீங்க, மாடல் நம்பரைப் பாருங்க. அப்புறம் ஆடி மழைல மரம் சாஞ்சு கரண்ட்டு போற நாள்ல இந்த வேலையை வச்சுக்காதீங்க, பழைய பேட்டரி பத்து நிமிஷம்கூட நிக்காது. நடுவுல நின்னா பெரும்பாலும் பழைய டிஸ்க்குக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா மறுபடியும் மொதல்லேர்ந்து.

கேள்வி: லேப்டாப்பை நானே கழட்டி எஸ்எஸ்டி மாட்டலாமா, ஷாக் அடிக்குமா? – மாணவர், ஊட்டி

பதில்: உங்களுக்கு அடிக்காது தம்பி, உங்களாலதான் அதுக்கு அடிக்கும். பனிக்காலத்துல ஸ்வெட்டர் கழட்டும்போது சடசடன்னு பொறி பறக்குதில்ல, அதுல ஒண்ணு போர்டுக்குப் போனா போதும். கம்பளி ஸ்வெட்டரைக் கழட்டி வேற ரூம்ல வச்சுட்டு வாங்க, ஜன்னல் கம்பியையோ எதாவது இரும்பையோ ஒருதடவை தொட்டுக்கங்க. சின்ன ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் போதும். ஒரு வெள்ளைப் பேப்பர்ல லேப்டாப் அடிப்பக்கத்தை வரைஞ்சு, எந்த ஓட்டைல கழட்டுன ஸ்க்ரூவோ அந்த இடத்துலயே செல்லோடேப் போட்டு ஒட்டிடுங்க, நீளமான ஸ்க்ரூவை குட்டை ஓட்டைல முடுக்குனா மேல கீபோர்டு பக்கம் துருத்திக்கும். ரப்பர் காலுக்கு அடில ஒண்ணு ரெண்டு ஒளிஞ்சிருக்கும், வரலைன்னு நெம்பாதீங்க. மூடி திறந்ததும் மொதல் வேலை பேட்டரி வயரை உருவுறது. பழைய டிஸ்க்கைப் பிடிச்சிருக்கற தகடு பிராக்கெட்டைத் தூக்கிப் போட்றாதீங்க, எஸ்எஸ்டியை அதுலதான் மாட்டணும், பழசு 9.5 மில்லிமீட்டர் தடிமனா இருந்து புதுசு 7-ஆ இருந்தா ஆடாம இருக்க சின்னதா ஒரு ஸ்பேசர் வைக்கணும், எஸ்எஸ்டி டப்பாலயே சிலதுல இருக்கும்.

கேள்வி: கழட்டுன ஹார்ட் டிஸ்க்கை என்ன பண்றது? – வாசகர், மஞ்சூர்

பதில்: டிஸ்க் நல்லா இருக்கான்னு காட்டுற கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ சாஃப்ட்வேரைப் போட்டுப் பாருங்க. குட்னு வந்தா யூஎஸ்பி கேஸ் ஒண்ணு வாங்கி பேக்கப்புக்கு வச்சுக்கங்க, இல்ல டிவிடி டிரைவ் இருக்கற லேப்டாப்னா அதைக் கழட்டிட்டு அந்த இடத்துல கேடி (caddy) ங்கற சட்டத்தை வச்சு ஹார்ட் டிஸ்க்கை உள்ளயே மாட்டிடலாம். மஞ்சள்ல காஷன்னு வந்தா இன்னிக்கே எல்லாத்தையும் வேற இடத்துக்கு மாத்திடுங்க, நாளைக்குன்னு வைக்காதீங்க.