எரிப்பதற்கென்றே செய்வது – வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

வேலை நிமித்தமாகச் சென்ற ஆண்டு குடும்பத்துடன் ஸ்பெயினின் வலென்சியாவுக்கு வந்தோம். மார்ச்சில் இங்கே ஃபாயாஸ் திருவிழா. எங்கள் தெருமுனையிலும் ஒரு பெரிய உருவத்தை நிறுத்தப் போகிறார்கள். கீழ்வீட்டுப் பெரியவர், விழாக் குழுவினரின் சாப்பாட்டுக்கு எங்களையும் வரச் சொல்லியிருக்கிறார். எனக்குத் தயக்கம். மொழி சரியாக வராது. மாதாவுக்குப் பூ சாத்தும் விழா, நாங்கள் அந்த மதமும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஓராண்டு உழைப்பையும் அத்தனை பணத்தையும் ஒரே இரவில் கொளுத்துவதை மனம் ஏற்கவில்லை. ‘நம் போகி மாதிரிதானே’ என்கிறாள் மனைவி. ஆறு வயது மகளோ இப்போதே நாள் எண்ணுகிறாள். நீங்கள் அந்த ஊரில் சில ஆண்டுகள் இருந்ததாக எழுதியிருந்தீர்கள். போகலாமா?

க., வலென்சியா

அன்புள்ள க.,

போங்கள். அந்தப் பெரியவர் அழைத்த சாப்பாட்டுக்கு முதலில் போங்கள்.

உங்கள் மனைவி சொன்ன போகி, இந்த ஃபாயாஸின் தொடக்கத்துக்குப் பொருந்தும். அந்தக் காலத்துத் தச்சர்கள், குளிர்கால வேலைக்காக விளக்கு மாட்டிவைத்திருந்த மரத்தண்டை, வசந்தம் பிறந்ததும் பட்டறைக் கழிவோடு சேர்த்து வீதியில் போட்டு எரித்தார்கள் என்று அந்த ஊரில் சொல்வார்கள். அவர்களின் காவலரான புனித சூசையப்பரின் திருநாள் மார்ச் 19. பிறகு யாரோ அந்தக் கட்டைக்கு ஒரு பழைய சட்டையை மாட்டிவிட்டார்கள். இன்னொருவர் தொப்பி வைத்தார். தெருவில் எல்லோருக்கும் தெரிந்த ஒருவரின் சாயல் அதில் வந்தது. இன்று அமைச்சர்களும் நடிகர்களும் ஊர் வம்பும் நாலைந்து மாடி உயரத்துக்கு எழுந்து நிற்கிறார்கள். பழையதை எரித்துக்கொண்டிருந்த ஊர், எரிப்பதற்கென்றே புதியதைச் செய்யத் தொடங்கியது. நம்மிடம் இதற்கு நெருக்கமானது போகியைவிடக் களிமண் பிள்ளையார்தான். கரைக்கப் போகிறோம் என்று தெரிந்தும் அந்தக் கண்ணை எவ்வளவு கவனமாக வரைகிறார்கள்!

ஒன்றைக்கூடக் காப்பாற்ற மாட்டார்களா என்று உங்களுக்குத் தோன்றும். காப்பாற்றுகிறார்கள். 1934 முதல் மக்கள் வாக்களித்து, அந்தப் பெரிய அமைப்புகளில் இருக்கும் சின்ன உருவங்களில் ஒன்றைத் தீயிலிருந்து விடுவிக்கிறார்கள். அவற்றுக்கென்று ஊரில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. நான் போய்ப் பார்த்தேன். கூடையோடு ஒரு பாட்டி, பேரனோடு ஒரு தாத்தா என்று எல்லாம் அருமையான வேலை. ஆனால் தெருவில் சுற்றி நின்ற கூட்டம் இல்லாமல் அவை வாடித் தெரிந்தன. பிழைத்தவற்றைப் பார்த்த பிறகு, எரிந்தவற்றின் மேல் எனக்கு இரக்கம் வரவில்லை.

பணமும் பெரும்பகுதி தெருவின் பணம்தான். மாதச் சந்தா கட்டி, லாட்டரிச் சீட்டு விற்று, ஆண்டு முழுவதும் சேர்க்கிறார்கள். அது தச்சருக்கும் சிற்பிக்கும் ஓவியருக்கும் பட்டு நெய்பவருக்கும் வாத்தியக்காரருக்கும் போகிறது. இதை வீண் என்று சொல்ல என்னால் முடியாது. அந்தக் கரும்புகையை மட்டும் நான் ஆதரிக்க மாட்டேன். மரமும் அட்டையுமாக இருந்த உருவங்கள் தெர்மோகோலுக்கு மாறியதால் வந்த வினை அது. சில கலைஞர்கள் மீண்டும் மரத்துக்குத் திரும்பியிருக்கிறார்கள். எல்லோரும் திரும்ப வேண்டும்.

முதல் ஆண்டு நான் நகராட்சிச் சதுக்கத்துக்கு மட்டும் போனேன். மார்ச் 1 முதல் 19 வரை தினமும் பகல் இரண்டு மணிக்கு அங்கே வெடி. மஸ்கிலெதா என்பார்கள். வெயிலில் வெடி வெடித்தால் என்ன தெரியும் என்று கேட்டுவிடாதீர்கள், அது காதுக்கும் நெஞ்சுக்கும் உரியது. கோயில் திருவிழா அதிர்வேட்டில் வளர்ந்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். கயிற்றில் வரிசையாகத் தொங்கும் வெடிகள் முதலில் தாளம்போல் விட்டு விட்டு ஒலிக்கும். பிறகு இடைவெளி குறைந்துகொண்டே வரும். ‘நிலநடுக்கம்’ என்று அவர்களே பெயர் வைத்திருக்கும் கடைசிக் கட்டத்தில் உள்ளங்கால் வழியாகச் சத்தம் ஏறும். வாயைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், காது அடைக்காது. மகளுக்குக் காதடைப்பான் கட்டாயம். முடிந்த மறுகணம் ஆயிரக்கணக்கானோர் கைதட்டுவார்கள்.

ஆனாலும் அந்த ஆண்டு எனக்கு ஊர் பிடிபடவில்லை. அடுத்த மார்ச்சில், எங்கள் கட்டடத்துப் பெண்மணி ஒருவர், தெரு மன்றத்தில் மடக்கு நாற்காலிகளைத் தூக்கிப் போட ஆள் வேண்டும் என்று என்னைக் கூட்டிப்போனார். இப்படிப்பட்ட மன்றத்தைக் கசால் என்பார்கள். அன்று எனக்கிருந்த ஸ்பானிய மொழி ஐம்பது சொல் தேறாது. நாற்காலி தூக்க அதுவே அதிகம். இரவு தெருவிலேயே விறகடுப்பு மூட்டி, அகலச் சட்டியில் பாயேயா என்ற அரிசிச் சோறு சமைத்தார்கள். பக்கத்தில் ஒருவர் தோல்சைனா என்ற ஊதுகுழலை வாசித்தார். அதன் சீவாளியை அவர் உதட்டில் நனைத்துச் சரிபார்த்தபோது, நாதஸ்வரக்காரரின் அதே கை, அதே முகம். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மாதாவுக்குப் பூ சாத்துவது 17, 18 தேதிகளில். ‘கைவிடப்பட்டோரின் அன்னை’ என்பது அவள் பெயர். மரச்சட்டத்தில் உயர்ந்து நிற்கும் அவளுக்கு, பெண்கள் கொண்டுவரும் பூங்கொத்துகளைக் கைமாற்றி மேலே எறிந்து ஆடையாக அடுக்குகிறார்கள். பட்டுடுத்தி மணிக்கணக்கில் நடந்து வந்த பெண்கள், சதுக்கத்தில் நுழைந்ததும் அழுகிறார்கள். நீங்கள் ஓரமாக நின்று பார்க்கலாம். வேளாங்கண்ணிக்குப் போகும் நம்மவர்களிடம் யார் மதம் கேட்டார்கள்?

ஒன்றை மட்டும் தவறவிடாதீர்கள். 15-ஆம் தேதி இரவு கம்பளி போட்டுக்கொண்டு கீழே இறங்கி, கிரேன் உருவத்தின் துண்டுகளைத் தூக்கிப் பொருத்துவதைப் பாருங்கள். நிறுத்துவதைப் பார்த்தவர்களுக்குத்தான் 19-ஆம் தேதி இரவு புரியும். எங்கள் தெருவில் தீயணைப்பு வீரர்கள் எதிர்வீட்டுச் சுவர்களை நனைத்துத் தயாரானார்கள். திரி பற்றியதும் வாணம் சீறியது. தீ முதலில் உருவத்தின் முதுகில் ஏறியது. பிறகு கன்னத்தில் வண்ணம் கொப்புளித்து, அந்த முகம் மெல்ல உள்ளே மடிந்தது. ஆண்டு முழுக்கச் சந்தா வசூலித்த அந்தப் பெண்மணி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், சிரிக்கவும் செய்தார். காலையில் தார்ச்சாலையில் ஒரு கருவட்டம் இருந்தது, அவ்வளவுதான். அவர் அதைத் தாண்டி ரொட்டி வாங்கப் போய்க்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நின்று, அடுத்த ஆண்டுச் சந்தாவில் என் பெயரையும் எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டார்.