ஒன் யூஐ 6 என்றால் ஆண்ட்ராய்டு 6 இல்லை

கேள்வி: சாம்சங் போன் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. ஆண்ட்ராய்டு 8-க்குக் கீழே உள்ள போன்களில் இனி வங்கி ஆப் ஓடாது என்று வங்கியிலிருந்து வந்ததாக ஒரு செய்தி போனுக்கு வந்தது. போன் கடையில் காட்டினேன். செட்டிங்ஸைத் திறந்து பார்த்துவிட்டு, “இது ஆறுதான் சார், எட்டு வேணும், மாத்திடுங்க” என்றார். மகளோ, “அப்பா, இது 14” என்கிறாள். நானே உட்கார்ந்து தேடினால் அதே பக்கத்தில் கீழே ‘ஆண்ட்ராய்டு12’ என்றும் இருக்கிறது. இதில் எதைத்தான் நம்புவது?
(மதுரை வாசகர்)

பதில்: மகளை நம்புங்கள். போனை மாற்ற வேண்டாம்.

கடைக்காரர் வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை. சாம்சங்கில் செட்டிங்ஸ், அபவுட் போன், சாஃப்ட்வேர் இன்ஃபர்மேஷன் என்று உள்ளே போனால் முதல் வரியே ‘ஒன் யூஐ வெர்ஷன்’தான். உங்களுக்கு அங்கே 6 அல்லது 6.1 என்று இருக்கும். அதற்கு அடுத்த வரியில்தான் ‘ஆண்ட்ராய்டு வெர்ஷன் 14’. அவர் கண் முதல் வரியோடு நின்றுவிட்டது.

ஆண்ட்ராய்டு கூகுளுடையது. அதை எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு கம்பெனியும் ஐகான், மெனு, கேமரா எல்லாவற்றையும் தன் விருப்பப்படி மாற்றி, அந்த மேல்தோற்றத்துக்குத் தனிப் பெயரும் தனி எண்ணும் வைக்கிறது. சாம்சங் வைத்த பெயர் ஒன் யூஐ. அதன் முதல் பதிப்பு ஆண்ட்ராய்டு 9-இன் மேல் வந்ததால் நமக்கு ஒரு சுலபக் கணக்கு கிடைக்கிறது: ஒன் யூஐ எண்ணோடு எட்டைக் கூட்டுங்கள். 6 என்றால் 14, 7 என்றால் 15, 8 என்றால் 16. புள்ளிக்குப் பின்னால் வருவதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இந்தக் கணக்கை வீட்டிலுள்ள மற்ற போன்களுக்குப் போட்டுவிடாதீர்கள். ஷாவ்மியின் எம்ஐயூஐ 14, சில போன்களில் ஆண்ட்ராய்டு 12-இன் மேலும், சிலவற்றில் 13-இன் மேலும் ஓடியது. 2023-இல் அந்தப் பெயரையே விட்டுவிட்டு ஹைப்பர் ஓஎஸ் 1 என்று ஆரம்பித்தார்கள். அப்டேட் போட்டவருக்கு 14 போய் 1 வந்தது! ஓப்போவின் கலர் ஓஎஸ் 7-லிருந்து நேராக 11-க்குத் தாவியது. ஆண்ட்ராய்டு 11-உடன் எண் ஒத்துப்போக வேண்டும், அவ்வளவுதான். ஆப்பிளும் 2025-இல் ஐஓஎஸ் 18-க்கு அடுத்து 26 என்று வைத்தது, வரும் ஆண்டைக் குறிக்கும் விதமாக. நடுவில் ஏழு பதிப்புகளைத் தவறவிட்டோமோ என்று ஐபோன்காரர்கள் தேட வேண்டியதில்லை.

முன்பு ஆண்ட்ராய்டுக்கு எண்ணோடு தின்பண்டப் பெயரும் இருந்தது. 2009-இல் கப்கேக், பிறகு ஆங்கில அகர வரிசையில் டோநட், எக்ளேர் என்று போய் 2018-இல் பை வரை. அடுத்த ஆண்டு 10 வந்தபோது அந்த வழக்கத்தை விட்டார்கள். சில மொழிக்காரர்களுக்கு ‘எல்’லும் ‘ஆர்’ரும் ஒரே ஒலியாகக் கேட்கிறது என்பது கூகுள் சொன்ன காரணங்களில் ஒன்று. ல, ள, ழ மூன்றோடும் மல்லுக்கட்டும் நமக்கு அந்தக் கஷ்டம் புரியாமல் போகாது.

இனி அந்த ‘ஆண்ட்ராய்டு12’. அது கெர்னல் வெர்ஷன் என்ற வரியில் இருக்கும், 5.10 என்று தொடங்கி நீளமாக ஓடும், நடுவில் இந்தச் சொல் வரும். கெர்னல் என்பது போனின் சிப், மெமரி எல்லாவற்றையும் இயக்கும் லினக்ஸ் அடித்தளம். எந்த ஆண்ட்ராய்டை ஒட்டி அது உருவானதோ அந்த எண் அதன் பெயரிலேயே தங்கிவிடும். மேலே ஆண்ட்ராய்டு 13, 14 என்று ஏறினாலும் கெர்னல் பெரும்பாலும் அதே வரிசையில்தான் இருக்கும். விஷயம் தெரிந்தவர்களே இதில் தடுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன், நீங்கள் குழம்பியதில் தப்பே இல்லை.

ஒரு ஆப் உங்கள் போனில் ஏறுமா என்று பார்க்கும்போது ஒன் யூஐ எண் கணக்கிலேயே வராது. ஒவ்வொரு ஆண்ட்ராய்டு பதிப்புக்கும் ஏபிஐ லெவல் என்று உள்ளே ஓர் எண் உண்டு (ஆமாம், இன்னும் ஒன்று). ஆண்ட்ராய்டு 8-க்கு அது 26, உங்கள் 14-க்கு 34. ஆப் கேட்பது 26, உங்களிடம் இருப்பது 34. சந்தேகம் தீரவில்லையென்றால் ‘ஆண்ட்ராய்டு வெர்ஷன்’ வரியை விரலால் படபடவென்று நாலைந்து முறை தட்டுங்கள். கூகுள் ஒளித்து வைத்திருக்கும் விளையாட்டுப் படம் ஒன்று 14 என்ற எண்ணோடு திறக்கும். கடைக்காரரிடம் அதையே காட்டலாம்.

நான் உங்களைப் பார்க்கச் சொல்லும் வரி வேறு. அதே பக்கத்தில் இன்னும் கீழே ‘ஆண்ட்ராய்டு செக்யூரிட்டி பேட்ச் லெவல்’ என்று ஒரு தேதி இருக்கும். கண்டுபிடிக்கப்பட்ட பாதுகாப்பு ஓட்டைகள் எந்தத் தேதி வரை அடைக்கப்பட்டிருக்கின்றன என்பதை அது சொல்கிறது. 2015-இல் ஸ்டேஜ்ஃபிரைட் என்ற பெரிய ஓட்டை வெளிவந்த பிறகுதான் கூகுள் மாதாமாதம் இந்தத் திருத்தங்களை வெளியிட ஆரம்பித்தது. வங்கி ஆப் வைத்திருப்பவருக்கு 14-ஆ 15-ஆ என்பதைவிட இந்தத் தேதி முக்கியம். ‘கூகுள் ப்ளே சிஸ்டம் அப்டேட்’ என்று மேலே இன்னொரு தேதி தெரியும். அது தனிக் கணக்கு, இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பதற வேண்டாம்.

பேட்ச் தேதி ஆறு மாதத்துக்கு மேல் பழசாக இருந்தால், வைஃபையில் இணைத்து, சார்ஜரைச் செருகிவிட்டு, செட்டிங்ஸில் சாஃப்ட்வேர் அப்டேட், டவுன்லோட் அண்ட் இன்ஸ்டால் என்று போங்கள். அங்கே ஒன் யூஐ 7 காத்திருந்தாலும் காத்திருக்கும்.

இன்னொன்று. வங்கியிலிருந்து என்று வந்த அந்தச் செய்தியில் ‘புது ஆப்பை இங்கே இறக்கிக்கொள்ளுங்கள்’ என்று லிங்க் ஏதாவது இருந்ததா? இருந்தால் தொடாதீர்கள். அப்படி வரும் ஏபிகே ஃபைல்களால் (ப்ளே ஸ்டோர் வழியாக வராமல் நேராக ஆப்பை ஏற்றும் ஃபைல்கள்) பணத்தை இழந்தவர்கள் நிறையப் பேர். ப்ளே ஸ்டோருக்குப் போய், அங்கே உங்கள் வங்கி ஆப்புக்குப் பக்கத்தில் ‘அப்டேட்’ என்று காட்டினால் அதை மட்டும் அழுத்துங்கள்.