ஏஜென்ட்டின் சான்றிதழ்: பார்ப்பது வேறு, சரிபார்ப்பது வேறு

கேள்வி: நாங்கள் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் வாடகை வீட்டில் இருக்கிறோம். அதே நகரின் ஃபீனிக்ஸ் பகுதியில் 9,50,000 ராண்ட்டுக்கு ஒரு வீடு பார்த்திருக்கிறோம். காட்டிய ஏஜென்ட் எங்கள் கோயில் காவடித் திருவிழாவில் ஆண்டுதோறும் முன்னின்று வேலை செய்பவர் என்பதால் என் கணவருக்கு அவர்மேல் மிகுந்த நம்பிக்கை. வீட்டை வேறு யாருக்கும் காட்டாமல் பிடித்து வைக்க 5,000 ராண்ட் ஏற்கனவே கொடுத்துவிட்டோம். வரும் சனிக்கிழமை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, டெபாசிட்டாக 95,000 ராண்ட்டைத் தன் கணக்கில் போடச் சொல்கிறார். லைசென்ஸ் உண்டா என்று கேட்டதற்கு வாட்ஸ்அப்பில் சான்றிதழின் படத்தை அனுப்பினார்; அதையும், அவருடைய விசிட்டிங் கார்டையும், அவர் தந்த வங்கி விவரத்தையும் உங்களுக்கு அனுப்பியுள்ளேன். கோயிலில் தினமும் பார்ப்பவரிடம் மேலும் கேட்பதா என்று என் கணவர் தயங்குகிறார். எங்களுடைய அடையாள அட்டை, முகவரிச் சான்று எல்லாவற்றையும் அவர் முறையாகக் கேட்டு வாங்கினார். இவர் உண்மையான ஏஜென்ட்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இல்லையென்றால் வீடு வாங்குவது செல்லாமல் போய்விடுமா?

பதில்: அன்புள்ள அம்மையீர், நீங்கள் அனுப்பிய படத்தைக் கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். சான்றிதழில் இருப்பது ஒரு நிறுவனத்தின் பெயர். உங்கள் ஏஜென்ட்டின் பெயர் அதில் எங்கும் இல்லை. அவருடைய விசிட்டிங் கார்டில் உள்ள நிறுவனப் பெயரோ ஒரு சொல் கூடுதலாக, வேறுவிதமாக அச்சாகியிருக்கிறது. படத்தின் அடிப்பகுதி வெட்டுப்பட்டிருப்பதால், எந்தத் தேதிவரை சான்றிதழ் செல்லும் என்பது கண்ணில் படவில்லை. இவற்றுள் எதுவும் அவரை மோசடிக்காரர் என்று காட்டிவிடாது. ஆனால் அவரிடம் உரிமம் இருக்கிறது என்பதையும் இந்தப் படம் காட்டவில்லை.

தென்னாப்பிரிக்காவில் இத்தொழிலை இப்போது ஆள்வது 2019ஆம் ஆண்டின் 22ஆம் எண்ணுள்ள சொத்துத் தொழில்புரிவோர் சட்டம். அது 2022 பிப்ரவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன்னிருந்த 1976ஆம் ஆண்டுச் சட்டமும், நம் பெரியவர்கள் இன்னமும் ‘போர்டு’ என்று சொல்லும் பழைய வாரியமும் விலகி, பி.பி.ஆர்.ஏ. என்ற சொத்துத் தொழில்புரிவோர் ஒழுங்குமுறை ஆணையம் அந்த இடத்துக்கு வந்திருக்கிறது. நாம் பேச்சில் லைசென்ஸ் என்று சொல்வதற்குச் சட்டத்தில் உள்ள பெயர் ஃபிடெலிட்டி ஃபண்ட் சான்றிதழ். அது இல்லாமல் பிறருடைய வீட்டை விற்றுக்கொடுப்பதோ வாடகைக்கு விட்டுக்கொடுப்பதோ குற்றமாகும். தன் சொந்த வீட்டைத் தானே விற்பவருக்கு இது தேவையில்லை. ஆனால் உங்கள் ஏஜென்ட் விற்பது தன் வீட்டை அல்ல.

பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. நிறுவனத்துக்குச் சான்றிதழ் இருந்தால் அதில் வேலை செய்பவர்கள் எல்லோருக்கும் அது போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படியன்று. நிறுவனத்துக்குத் தனியாக ஒன்று, அதன் இயக்குநர் ஒவ்வொருவருக்கும் ஒன்று, உங்களுக்கு வீட்டைத் திறந்து காட்டிய மனிதருக்கும் அவர் பெயரிலேயே ஒன்று என்று இருக்க வேண்டும். பயிற்சி நிலையில் இருப்பவர்களுக்கும் சான்றிதழ் உண்டு. அதில் அவர்கள் பயிற்சியாளர்கள் என்பது தெரியும், அத்தகையவர்கள் அனுபவமுள்ள ஒருவரின் மேற்பார்வையில்தான் வேலை செய்யலாம். ஆகவே நிறுவனத்தின் சான்றிதழைக் காட்டி நிறுத்திக்கொண்டவரிடம், ‘உங்கள் பெயரில் உள்ளதைக் காட்டுங்கள்’ என்று கேட்பதுதான் உங்கள் முதல் வேலை.

காட்டினாலும் அத்துடன் விட்டுவிட வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன் என் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு வந்த ஒரு குடும்பத்தாரிடம் ஏஜென்ட் காட்டியது போலிச் சான்றிதழ் அல்ல, அவருடைய பெயரில் அவருக்கே கொடுக்கப்பட்ட அசல்தான். ஆனால் அது முந்தைய நிறுவனத்தில் வேலை செய்தபோது வாங்கியது, அங்கிருந்து வெளியேறிய பின் காலாவதியாகிவிட்டது. அதற்கு அழகாகக் கண்ணாடிச் சட்டமும் போட்டு வைத்திருந்தார். போலீஸ் நிலையத்தில் முத்திரை குத்தி வாங்கிய நகலும் வைத்திருந்தார். அந்த முத்திரை, நகல் அசலைப் போலவே இருக்கிறது என்று மட்டுமே சொல்லும். அசல் இன்றைக்குச் செல்லுமா என்பதை அது சொல்லாது. அதைச் சொல்லக்கூடியது ஆணையத்தின் பதிவேடு ஒன்றுதான்.

அந்தப் பதிவேட்டை ஆணையத்தின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் நீங்களே தேடிப் பார்க்கலாம். ஏஜென்ட் அனுப்பும் இணைப்பை அழுத்தி அங்கே போக வேண்டாம். முகவரியை நீங்களே தட்டெழுதிப் போங்கள். தேடும்போது நம் பெயர்களே ஒரு தொல்லையாகிவிடும். 1860 முதல் கப்பல்களில் வந்திறங்கியவர்களின் பெயர்களைக் குமாஸ்தாக்கள் தங்கள் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டதால், கவுண்டர் கோவெண்டர் ஆனார், முதலியார் மூட்லியும் முடாலியும் ஆனார். டர்பனில் கோவெண்டர் என்று தேடினால் ஒருவரா இருவரா வருவார்கள்? முதல் பெயரும் ஒத்துப்போகிற வேறொருவரைப் பார்த்துவிட்டு, ‘இருக்கிறார், சரி’ என்று நிம்மதியடைந்தவர்களை நான் அறிவேன். எனவே அவருடைய முழுப் பெயரையும் சான்றிதழ் எண்ணையும் எழுத்தில் கேட்டு வாங்கி, அந்த எண்ணைக் கொண்டு தேடுங்கள். பதிவேட்டில் வரும் நபரும், அவர் சேர்ந்திருப்பதாகச் சொல்லும் நிறுவனமும், கார்டில் உள்ள நிறுவனமும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். அதன்பின் அந்த நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்கு, கார்டில் உள்ள எண்ணில் அல்லாமல், நீங்களாகத் தேடிக் கண்டுபிடித்த எண்ணில் பேசி, இவர் இன்றும் அங்கேதான் இருக்கிறாரா, ஃபீனிக்ஸ் வீட்டை விற்கும் பொறுப்பை வீட்டுக்காரர் இந்த நிறுவனத்திடம் எழுதிக்கொடுத்திருக்கிறாரா என்ற இரண்டையும் கேளுங்கள். பதிவேட்டுப் பக்கத்தை, தேதி தெரியும்படி, கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்திடும் நாளில் சான்றிதழ் உயிரோடு இருந்ததா என்பதுதான் பின்னாளில் எழும் கேள்வி.

அடையாள அட்டையையும் முகவரிச் சான்றையும் முறையாகக் கேட்டு வாங்கினார் என்பதை நீங்கள் அவருக்குச் சாதகமாகச் சொல்லியிருக்கிறீர்கள். கறுப்புப் பணத்தைத் தடுக்கும் 2001ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஏஜென்ட்டுகள் வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்க்கக் கடமைப்பட்டவர்கள் என்பது உண்மைதான். ஆனால் உங்கள் காகிதங்களைக் கேட்பதற்கு எந்த உரிமமும் தேவையில்லை, மோசடிக்காரர்களும் அவற்றைத்தான் முதலில் கேட்பார்கள். அதைவிட நல்ல சோதனை ஒன்று சொல்கிறேன். அதே 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் 67ஆம் பிரிவின்படி, கூரை ஒழுகுகிறதா, சுவரில் விரிசல் உண்டா, அனுமதியில்லாமல் கட்டிய பகுதி உண்டா என்பன போன்ற குறைகளை வீட்டுக்காரர் எழுதிக் கையெழுத்திட்ட படிவம் இல்லாமல் ஏஜென்ட் அந்த வீட்டை விற்க ஒப்புக்கொள்ளவே கூடாது. அந்தப் படிவம் விற்பனை ஒப்பந்தத்துடன் இணைக்கப்பட வேண்டும். அதைக் கேளுங்கள். ‘அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று பதில் வந்தால், அது உங்களுக்கு ஒரு தகவல்.

இனிப் பணத்தைப் பற்றி. உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்படுத்தியது சான்றிதழ் அன்று, ‘தன் கணக்கில்’ என்ற சொல்தான். பிறருடைய பணத்தைத் தன் கையில் வைத்திருக்கும் ஏஜென்ட், சட்டத்தின் 54ஆம் பிரிவின்படி தனியாகத் திறக்கப்பட்ட டிரஸ்ட் கணக்கில்தான் அதைப் போட்டு வைக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய வங்கி விவரத்தில் இருப்பதோ அவருடைய சொந்தப் பெயரில் உள்ள சேமிப்புக் கணக்கு. சான்றிதழ் பெற்றவர் டிரஸ்ட் பணத்தைத் திருடிவிட்டால் இழந்தவருக்கு ஈடு செய்வதற்கென்று ஒரு நிதி இருக்கிறது, சான்றிதழின் பெயரே அந்த நிதியிலிருந்து வந்ததுதான். சான்றிதழ் இல்லாத ஒருவரின் சேமிப்புக் கணக்கில் 95,000 ராண்ட்டைப் போட்டுவிட்டு அந்த நிதியை நம்பியிருப்பது, பூட்டாத வீட்டுக்குக் காவல் தேடுவதைப் போன்றது.

டெபாசிட்டை ஏஜென்ட்டிடம் கொடுத்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வீட்டின் உரிமையை பீட்டர்மாரிட்ஸ்பர்க் டீட்ஸ் ஆபீஸில் (சொத்துப் பத்திரங்களைப் பதிவுசெய்யும் அலுவலகத்தில்) உங்கள் பெயருக்கு மாற்றித்தரப்போகும் கன்வேயன்சர் வழக்கறிஞரின் டிரஸ்ட் கணக்கில் அது செலுத்தப்பட வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம். நான் பார்க்கும் ஒப்பந்தங்களில் அப்படித்தான் எழுதச் சொல்கிறேன். கன்வேயன்சரை வழக்கமாக விற்பவர்தான் நியமிப்பார், ஆனால் அவர் உண்மையில் பதிவுபெற்ற வழக்கறிஞரா என்று, வழக்கறிஞர்களை ஒழுங்குபடுத்தும் லீகல் பிராக்டிஸ் கவுன்சிலில் நீங்கள் விசாரிக்கலாம். வங்கி எண் மின்னஞ்சலில் வந்தால், அந்த அலுவலகத்துக்கு நேரில் சென்றோ தொலைபேசியில் பேசியோ எண்ணை ஒவ்வோர் இலக்கமாக உறுதிசெய்த பிறகே பணம் அனுப்புங்கள். மின்னஞ்சலில் இடையே புகுந்து வங்கி எண்ணை மாற்றிவிட்ட கயவர்களின் கணக்குக்கு 55 லட்சம் ராண்ட்டை அனுப்பிவிட்ட ஒரு பெண்மணியின் வழக்கில், அதற்கு வழக்கறிஞர் நிறுவனம் பொறுப்பாகாது, எண்ணைச் சரிபார்க்கும் வாய்ப்பு அவருக்கே இருந்தது என்று 2024இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஏஜென்ட்டுக்கு உரிமம் இல்லையென்றால் வீடு வாங்குவது செல்லாதா என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். நில விற்பனை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், விற்பவரும் வாங்குபவரும், அல்லது அவர்கள் எழுதிக்கொடுத்த அதிகாரம் பெற்றவர்கள், அதில் கையெழுத்திட வேண்டும் என்பது 1981ஆம் ஆண்டின் 68ஆம் எண் சட்டத்தின் விதி. அந்த ஒப்பந்தம் உங்களுக்கும் வீட்டுக்காரருக்கும் இடையிலானது. இடையில் நின்றவருக்கு உரிமம் இல்லை என்ற ஒரே காரணத்தால் அது தானாகக் கலைந்துவிடுவதில்லை. உரிமம் இல்லாத ஏஜென்ட் இழப்பது தன் கமிஷனை. 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் 56ஆம் பிரிவின்படி அவருக்குக் கமிஷன் கேட்கும் உரிமை கிடையாது. பரிவர்த்தனை நடந்த நாளில் செல்லுபடியான சான்றிதழின் உறுதிசெய்யப்பட்ட நகலை அவர் கொடுக்காதவரை கன்வேயன்சர் அவருக்கு எதையும் கொடுக்கவும் கூடாது. இதனால் உங்களுக்கு ஓர் எளிய வழியும் கிடைக்கிறது: கன்வேயன்சரின் அலுவலகத்துக்குப் போன் செய்து, ‘இந்த ஏஜென்ட்டின் சான்றிதழ் நகல் உங்களிடம் வந்துவிட்டதா’ என்று கேளுங்கள். அவர்கள் எப்படியும் வாங்கியாக வேண்டிய காகிதம் அது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கையெழுத்திட்ட பிறகும் ஐந்து நாட்களுக்குள் பின்வாங்கலாம் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருக்கலாம். அந்த உரிமை விலை 2,50,000 ராண்ட்டுக்கு மேற்படாத வீடுகளுக்கு மட்டுமே உண்டு. உங்கள் வீட்டுக்கு இல்லை.

கொடுத்துவிட்ட 5,000 ராண்ட்டை எடுத்துக்கொள்வோம். பதிவேட்டில் அவர் பெயர் இல்லையென்றால், அந்தத் தொகையைத் திருப்பித் தரும்படி தேதியிட்டு எழுத்தில் கேளுங்கள். சான்றிதழ் இல்லாமல் பெற்ற தொகையை எழுத்தில் கேட்டவுடன் திருப்பித்தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. தரவில்லையென்றால் 14 நாள் கெடு வைத்து ஒரு கோரிக்கைக் கடிதத்தை நேரில் கொடுத்தோ பதிவுத் தபாலில் அனுப்பியோ, பிறகு சிறு வழக்கு நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். அங்கே 20,000 ராண்ட் வரையிலான வழக்குகளைக் கேட்பார்கள். கட்சிக்காரர் தாமே பேச வேண்டும், என்னைப் போன்றவர்களுக்கு அங்கே வாதாட இடமில்லை. ஆகவே இந்த யோசனையைச் சொல்வதால் எனக்கு ஒரு காசும் வரப்போவதில்லை. பணம் செலுத்திய ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், அந்தச் சான்றிதழ்ப் படம் ஆகியவற்றை அழிக்காமல் அச்செடுத்து வையுங்கள். ஆணையத்திடம் புகார் கொடுப்பது இதிலிருந்து தனியானது, இரண்டையும் ஒரே சமயத்தில் செய்யலாம். காட்டிய சான்றிதழ் வேறொருவருடையது என்று தெரியவந்தால் அது போலீஸிடம் போக வேண்டிய விஷயமாகிவிடும்.

கோயிலில் தினமும் முகத்தில் விழிக்கும் ஒருவரிடம் இதையெல்லாம் கேட்பதா என்று உங்கள் கணவர் தயங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தயக்கம் எனக்கும் புரிகிறது, நானும் அதே ஊர்க்காரன்தான். ஆனால் சான்றிதழை அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டி வைக்க வேண்டும், தன் கடிதத் தாளிலும் விளம்பரத்திலும் சான்றிதழ் வைத்திருப்பதைக் குறிப்பிட வேண்டும் என்று சட்டமே ஏஜென்ட்டுக்குக் கட்டளையிடுகிறது. கேட்காமலேயே காட்ட வேண்டியதைக் கேட்டு வாங்குவதில் அவமரியாதை எதுவும் இல்லை. உங்கள் கணவருக்குச் சங்கடமாக இருந்தால், ‘வங்கிக் கடனுக்கு வக்கீல் கேட்கிறார்’ என்று என் தலையில் போட்டுவிடட்டும்.

வெள்ளிக்கிழமைக்குள் அவருடைய பெயரில் உள்ள சான்றிதழின் எண்ணும், 67ஆம் பிரிவுப் படிவமும், கன்வேயன்சரின் பெயரும் உங்கள் கைக்கு வராவிட்டால் சனிக்கிழமை கையெழுத்திட வேண்டாம். அவை வந்து, பதிவேட்டிலும் சரியாக இருந்தால், டெபாசிட் கன்வேயன்சரின் டிரஸ்ட் கணக்குக்கே செல்லும் என்ற வாசகத்தை ஒப்பந்தத்தில் சேர்த்து, அதன் வரைவைக் கையெழுத்துக்கு முன் எனக்கு அனுப்பி வையுங்கள்.