தோளிலிருந்து தரைக்கு இறக்குங்கள்

கேள்வி: நான் கோத்தகிரியில் வசிக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியர், வயது 61. ஓய்வுப் பணத்தில் ஒரு பகுதியைப் போட்டு, ஒருவர் பயன்படுத்திய 600 மி.மீ. எஃப்/4 லென்ஸை வாங்கினேன். கேமராவோடு சேர்த்து ஐந்து கிலோவைத் தாண்டுகிறது. எட்டு மாதங்களாகச் சோலை ஓரங்களில் அதைத் தூக்கிக்கொண்டு நடந்தும், கருப்பு-ஆரஞ்சு ஈப்பிடிப்பான் என்னும் சிறு பறவையின் கண் தெளிவாக விழுந்த படம் ஒன்றுகூட அமையவில்லை. இடது தோளில் வலி வேறு. 'வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள்' என்கிறார் மனைவி. குறை லென்ஸிலா, என்னிடமா? விற்றுவிடலாமா? இரண்டு படங்களை இணைத்திருக்கிறேன்.

பதில்: அன்புள்ள ஐயா, தாங்கள் அனுப்பிய முதல் படத்தில் பறவை மங்கலாக இருக்கிறது, ஆனால் அது அமர்ந்திருக்கும் கிளையில், வாலுக்குச் சற்றுப் பின்னால் படர்ந்துள்ள பாசியை இழை இழையாக எண்ணிவிடலாம். பாசியை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் லென்ஸில் குறை இருக்க வாய்ப்பில்லை. இரண்டாவது படத்தில் பறவை, இலை, கிளை அனைத்தும் ஒரே திசையில் இழுபட்டிருக்கின்றன. முதலாவது குவியம் (ஃபோகஸ்) தவறியது, இரண்டாவது கை நடுங்கியது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: தாங்கள் நின்றுகொண்டு, கையில் ஏந்தி எடுத்திருக்கிறீர்கள்.

எட்டு மீட்டர் தொலைவில் 600 மி.மீ. லென்ஸ் பார்க்கும் பரப்பு ஏறத்தாழ 48 செ.மீ. அகலமும் 32 செ.மீ. உயரமும்தான், விரித்த நாளிதழின் ஒரு பக்கத்தைவிடச் சற்றுச் சிறியது. அதே தொலைவில், எஃப்/4 திறப்பில், முன்பின்னாகத் தெளிவு கிடைக்கும் ஆழம் சுமார் 4 செ.மீ. மட்டுமே. ஐந்து கிலோவை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து நிற்கும் ஒருவர், மூச்சு இழுத்து விடுகையில் இரண்டு மூன்று செ.மீ. முன்னும் பின்னும் அசைவது இயல்பு. பறவையின் கண்ணில் குவித்துவிட்டு அப்படி அசைந்தால் குவியம் பாசிக்குப் போய்விடுகிறது. லென்ஸுக்குள் இருக்கும் நடுக்கத் தடுப்பு, மேலும் கீழுமான ஆட்டத்தைக் குறைக்குமே தவிர, இந்த முன்பின் அசைவை ஒன்றும் செய்யாது. ஆகவே கேமராவைத் தொடர் குவிய முறையில், அதாவது தூரம் மாறமாறக் கேமராவே குவியத்தைத் திருத்திக்கொண்டே இருக்கும் முறையில், வையுங்கள். இதைத் தாங்கள் இன்றே செய்துவிடலாம்.

ஆனாலும் அது பாதி மருந்துதான். இந்த எடையுள்ள லென்ஸ்கள் நடந்துகொண்டே படமெடுப்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஓரிடத்தில் ஊன்றிக் காத்திருப்பவருக்காகச் செய்யப்பட்டவை. தாங்கள் தேடும் பறவையும் அதற்குப் பொருத்தமானதே. கருப்பு-ஆரஞ்சு ஈப்பிடிப்பான் சோலையின் அடிப்புதரில், பெரும்பாலும் நம் இடுப்புக்குக் கீழான உயரத்தில், ஒரு குச்சியில் சில வினாடிகள் அசையாமல் அமர்ந்து, பூச்சியைக் கண்டதும் தாவிப் பிடித்துவிட்டு, பல சமயம் பழைய குச்சிக்கே திரும்புகிறது. துரத்துவதற்கு அங்கே ஒன்றுமில்லை. அது இருமுறை வந்தமர்ந்த குச்சியைக் கவனித்து, எட்டுப் பத்து மீட்டர் தள்ளி ஒரு தேயிலைச் சாக்கை விரித்து அமர்ந்து, லென்ஸைப் பறவையின் கண்மட்டத்துக்கு இறக்கி, ஒரு பையின் மீது கிடத்துங்கள்.

அந்தப் பையைப் பற்றி ஒரு வார்த்தை. கடையில் வாங்க வேண்டியதில்லை. பழைய ஜீன்ஸின் ஒரு காலை வெட்டி, இரு முனையையும் தையற்காரரிடம் மடித்துத் தைக்கச் சொன்னால் போதும். தானியம் மட்டும் நிரப்பாதீர்கள். நான் ஒருமுறை கொள்ளு நிரப்பி வைத்திருந்தேன். வடகிழக்குப் பருவமழை விடாமல் பெய்த ஒரு நவம்பரில், இரண்டு வாரம் கழித்து எடுத்துப் பார்த்தால் தையல் வழியாக வெள்ளை முளைகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. பிளாஸ்டிக் மணிகளை நிரப்புங்கள்; எடையும் குறைவு, நனைந்தாலும் கெடாது. முக்காலி இருந்தால், கால்களை அகல விரித்துத் தாழ்த்திப் பயன்படுத்துங்கள். நடுத்தண்டை உயர்த்தினால் முக்காலி வாங்கியதன் பயனே போய்விடும்.

நின்று கையில் எடுக்கும்போது ஷட்டர் வேகம் 1/600 வினாடிக்குக் குறையக் கூடாது என்பது பழைய கணக்கு. காலை ஏழு மணிச் சோலைக்குள் அதற்கு வெளிச்சம் கிடைக்காது. கேமராவின் ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓவை ஏற்றிக்கொண்டே போனால் அந்த ஆரஞ்சு நிறம் மணல் மணலாகச் சிதறிவிடும். பையின் மீது ஊன்றிவிட்டால், அமர்ந்திருக்கும் பறவைக்கு 1/125 தாராளம். பழகிய பின் 1/60 கூட வரும். இடது கையை லென்ஸின் மேற்புறத்தில், கேமராவுடன் சேரும் இடத்துக்கு அருகே மெதுவாக அழுத்தி வையுங்கள். ஒவ்வொரு முறையும் மூன்று நான்கு படங்களாகத் தொடர்ந்து எடுங்கள்; விரல் பொத்தானை அழுத்தும் அதிர்வு முதல் படத்தோடு போய்விட, இரண்டாவதோ மூன்றாவதோ தெளிவாக விழும்.

தோள் வலிக்கு, கேமராவின் வாரைக் கழுத்தில் மாட்டும் பழக்கத்தை முதலில் விடுங்கள். அது கழுத்துக்கும் கேடு, லென்ஸைத் தாங்கும் கேமரா வளையத்துக்கும் கேடு. இடுப்புப் பட்டை உள்ள முதுகுப்பையில் வைத்து, எடை இடுப்பில் இறங்குமாறு பட்டையை இறுக்குங்கள். அமரும் இடத்துக்குப் போகும் வரை லென்ஸ் வெளியே வர வேண்டியதே இல்லை. கையை உயர்த்தவே வலிக்கிறது என்றால், அது கேமராக்காரர் தீர்க்கும் விஷயம் அன்று, மருத்துவரைப் பாருங்கள்.

கோத்தகிரிக்காரரான தங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை என்றாலும் சொல்கிறேன்: மூன்றரை டிகிரி அகலத்தில் உலகைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்குப் பக்கத்துப் புதரில் நிற்கும் காட்டெருமை தெரியாது. கரடிகளும் உலவும் ஊர் அது. முதுகுக்குப் பின்னால் புதர் இல்லாத இடமாகப் பார்த்து அமருங்கள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை கண்ணை எடுத்துச் சுற்றிலும் பாருங்கள். கூடவே ஒருவர் வந்தால் இன்னும் நல்லது. லாங்வுட் சோலை போன்ற காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் செல்ல வேண்டாம். மார்ச் முதல் மே வரை இந்தப் பறவைகள் கூடு கட்டும் காலம். வாயில் புழுவோடு ஒரே புதரைச் சுற்றிவரும் பறவையைக் கண்டால் கூடு அருகில் இருக்கிறது என்று பொருள். அன்று படம் வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள். கைபேசியில் அதன் குரலை ஒலிக்கவிட்டு அழைப்பதை நான் எந்த மாதத்திலும் ஏற்பதில்லை.

குளிரிலிருந்து வீடு திரும்பியதும், அடுப்பு எரியும் அறையில் முதுகுப்பையைத் திறந்துவிடாதீர்கள். குளிர்ந்த கண்ணாடியில் ஈரம் படியும்; நம் மலையில் அந்த ஈரமே பூஞ்சைக்கு வித்து. ஒரு மணி நேரம் பை மூடியபடியே இருக்கட்டும்.

விற்பதைப் பற்றி: எடை குறைந்த லென்ஸ்கள் இருக்கின்றன. நிக்கானின் 500 மி.மீ. எஃப்/5.6 பிஎஃப் லென்ஸ் ஒன்றரைக் கிலோ கூட இல்லை. கோத்தகிரித் தேயிலைத் தோட்டங்களிலும் முக்குருத்தி போன்ற புல்வெளிகளிலும் நடந்து திரிபவருக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் எஃப்/5.6 உள்ளே விடும் வெளிச்சம் எஃப்/4 விடுவதில் பாதி. சோலையின் இருட்டில் அந்தப் பாதியை இழந்தால் மீட்க வழியில்லை. தங்கள் பறவை இருட்டில் வாழ்கிறது. எனவே ஜீன்ஸ் பையைத் தைத்து, பத்துக் காலைகள் உட்கார்ந்து பாருங்கள். பதினோராவது நாளும் பாசிதான் தெளிவாக விழுகிறது என்றால் மறுபடி எழுதுங்கள். விற்கும் விலையைப் பற்றி அப்போது பேசுவோம். அதுவரை தங்கள் மனைவியிடம், என் பெயரைச் சொல்லி, ஒரு மாதத் தவணை கேளுங்கள்.