பூட்டை மாற்றுவதா, சாவியை மாற்றுவதா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் வாசல் கதவைப் பற்றி நாலு வரி எழுதினேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பூட்டைப் பற்றித்தான். சரி, இந்த முறை முழுக்க அதையே பார்த்துவிடலாம். இருபது வருடத்துக்கு மேல் ஹார்டுவேர் கடையில் நின்று பூட்டு விற்றவன், அதனால் சில இடங்களில் நீட்டி முழக்கிவிடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வாடகைக்கு அடுக்குமாடி வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. ஹவுஸ் ஓனர் இரண்டு சாவி கொடுத்தார். எங்களுக்கு முன்னால் மூன்று குடும்பம் இருந்ததாம், பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். பூட்டை மாற்ற வேண்டுமா? ஓனர் கோபித்துக்கொள்வாரோ என்றும் பயமாக இருக்கிறது.
– வாசகி, தாம்பரம்

பதில்: மாற்றுங்கள் அம்மா. மூன்று குடும்பம் என்றால் மூன்று செட் சாவி மட்டும் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு முன்னால் வரும் பிள்ளைக்கு ஒன்று, வேலைக்கு வரும் அம்மாவுக்கு ஒன்று, ஊரிலிருந்து வந்து தங்கிய மச்சானுக்கு ஒன்று என்று ஆளாளுக்குப் போட்டிருப்பார்கள். நடுவில் வீடு காலியாகக் கிடந்தபோது புரோக்கர் கையிலும் பெயிண்டர் கையிலும் அது போய் வந்திருக்கும். இவர்களில் ஒருவரும் திருடராக இருக்க வேண்டியதில்லை. அந்தச் சாவிகள் இப்போது எந்த டிராயரில், எந்தப் பழைய பையில் கிடக்கின்றன என்று அவர்களுக்கே தெரியாது, அதுதான் சங்கடம்.

ஆனால் பூட்டு முழுவதையும் கழற்றி எறிய வேண்டாம். கடையில் போய்க் கேட்டால் கைப்பிடி, தகடு எல்லாம் சேர்த்துப் புது செட்டைத்தான் எடுத்து நீட்டுவார்கள் (நானும் ஒரு காலத்தில் அதைத்தான் செய்தேன், வியாபாரம்). முதலில் கதவைத் திறந்து வைத்து அதன் விளிம்பைப் பாருங்கள். தாழ் நாக்கு வெளியே வரும் தகட்டில், சாவித் துளையின் உயரத்துக்கு நேராக ஒரு நீள ஸ்க்ரூவின் தலை தெரிகிறதா? தெரிந்தால் உங்களுடையது சிலிண்டர் (பூட்டில் சாவி நுழைகிற பாகம்) தனியாகக் கழன்று வரும் வகை. அந்த ஸ்க்ரூவை எடுத்துவிட்டு, சாவியைப் போட்டுக் கொஞ்சமே கொஞ்சம் திருப்பிக்கொண்டு இழுத்தால் சிலிண்டர் கையோடு வந்துவிடும். நேராக வைத்து இழுத்தால் வராது, உள்ளே இருக்கும் சின்ன நாக்கு இடிக்கும்.

வந்த சிலிண்டரை அப்படியே கடைக்குக் கொண்டுபோங்கள். ஸ்க்ரூத் துளையின் நடுவிலிருந்து இந்தப் பக்கம் எவ்வளவு, அந்தப் பக்கம் எவ்வளவு என்று அளக்க வேண்டும். 30-30 என்றால் 60 மி.மீ., 35-35 என்றால் 70. சில கதவில் இரண்டு பக்கமும் சமமாக இருக்காது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கைப்பிடித் தகட்டுக்கு வெளியே இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் சிலிண்டர் துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது, நின்றால் இடுக்கியில் பிடித்து ஒடித்துவிடுவார்கள். புதுசை மாட்டியதும் கதவைத் திறந்து வைத்தபடியே நாலு தடவை பூட்டித் திறந்து பாருங்கள். சாத்திவிட்டுச் சோதனை செய்து, வெளியே நின்று முழித்த அனுபவம் எனக்கே உண்டு.

இன்னொரு வழி, சிலிண்டரை மாற்றாமல் அதே சிலிண்டருக்குச் சாவியை மட்டும் மாற்றுவது. இந்தப் பூட்டின் உள்ளே வரிசையாக ஐந்தோ ஆறோ சின்னப் பித்தளைக் குச்சிகள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு ஸ்பிரிங். குச்சிகள் ஒவ்வொன்றும் ஒரு நீளம். சாவியில் இருக்கும் மேடு பள்ளம் அந்த நீளங்களுக்குப் பொருந்தினால் எல்லாம் ஒரே மட்டத்துக்கு வந்து உருளை சுழலும், ஒரு குச்சி ஏறி இறங்கி நின்றாலும் சுழலாது. பழங்கால எகிப்தில் மரப்பூட்டில் இருந்த யோசனைதான் இது, அமெரிக்காவின் லைனஸ் யேல் 1860-களில் இதைக் கைக்குள் அடங்கும் தட்டைச் சாவிக்குக் கொண்டுவந்தார். ஆக, குச்சிகளை வேறு நீளத்தில் போட்டாலே பழைய சாவி செல்லாக்காசு. குச்சி செட் வைத்திருக்கும் சாவிக்காரர் நம் ஊரில் கொஞ்சம் அரிது. ஆனால் கைதேர்ந்தவர் இருக்கிற குச்சிகளையே இடம் மாற்றிப் போட்டு, அதற்கேற்ப ஒரு புதுச் சாவியை ராவிக் கொடுத்துவிடுவார். எதிரில் உட்கார்ந்து செய்யச் சொல்லுங்கள், எத்தனை சாவி போட்டார் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

ஓனர் விஷயம். தமிழ்நாட்டில் 2017-இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் இருக்கிறது. வீட்டுக்குள் வர வேண்டுமென்றால் உரிமையாளர் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது அது. அதனால் அவர் கையில் ஒரு சாவி இருந்தே தீர வேண்டும் என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். அதற்காகச் சொல்லாமல் மாற்றிவிடவும் வேண்டாம். "சிலிண்டரை மட்டும் மாற்றிக்கொள்கிறோம், பழையதைப் பத்திரமாக வைத்திருக்கிறோம், காலி செய்யும்போது அதையே மாட்டித் தருகிறோம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பிவிடுங்கள். எழுத்தில் இருக்கட்டும். இதற்கு மறுக்கிற ஓனரை நான் பார்த்ததில்லை, செலவு அவர் தலையில் விழாதவரை.

கேள்வி: எங்கள் வீட்டில் ஒன்பது வருடம் வேலை செய்த அம்மா மகளோடு இருக்கப் போகிறார் என்று நின்றுவிட்டார். சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, அழுதுவிட்டுத்தான் போனார். பூட்டை மாற்றச் சொல்கிறார் கணவர். அவரைச் சந்தேகப்பட்டது போலாகாதா?
– வாசகி, திருச்சி

பதில்: ஆகாது, நீங்கள் அதை அவருக்குச் சொல்லி அனுப்பாதவரை. உங்கள் கணவர் சொல்வது அந்த அம்மாவைப் பற்றியது இல்லை. ஒன்பது வருடமாக ஒரு சாவி முந்தானையில் முடிந்தபடி பேருந்தில் போயிருக்கிறது, வேறு நாலு வீட்டு ஆணியில் தொங்கியிருக்கிறது. ஒரு சோப்புக் கட்டியில் அழுத்தி அச்சு எடுக்க அரை நிமிடம் போதும், கள்ளச்சாவி போடுவது அவ்வளவு பழைய வித்தை. அச்சு எடுத்தவர் யாராகவும் இருக்கலாம், அந்த அம்மாவுக்கே தெரியாமலும் இருக்கலாம். நாளைக்கு ஏதாவது ஒன்று காணாமல் போனால் முதலில் யார் பெயர் வரும்? அவர் பெயர்தான் வரும், ஸ்டேஷனுக்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். சிலிண்டரை மாற்றிவிட்டால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. தீபாவளிக்குச் சேலை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், பூட்டைப் பற்றி வாயே திறக்க வேண்டாம்.

புதிதாக வருபவருக்கு உடனே சாவி கொடுக்காதீர்கள். அதே நேரம் "செருப்பு ஸ்டாண்டுக்குள் வைத்துவிட்டுப் போகிறேன்", "மீட்டர் பெட்டி மேல் இருக்கும்" என்ற பழக்கத்தையும் விடுங்கள். பூந்தொட்டிக்கு அடியில் சாவி இருக்கும் என்பது தெருவுக்கே தெரியும்.

கேள்வி: பேருந்தில் கைப்பை தொலைந்துவிட்டது. வீட்டுச் சாவி, ஆதார் நகல் எல்லாம் அதில்தான். இரண்டு நாள் பார்த்துவிட்டு மாற்றலாமா?
– வாசகர், சேலம்

பதில்: இதை நீங்கள் படிப்பதற்குள் மாற்றியிருக்க வேண்டும். வெறும் சாவி தொலைந்தால் அது எந்த வீட்டுச் சாவி என்று யாருக்குத் தெரியப்போகிறது? உங்கள் பையில் சாவியும் இருக்கிறது, கதவு எண்ணும் இருக்கிறது. அன்றைக்கே மாற்ற வேண்டும். ராத்திரி ஆகிவிட்டால் உள்தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு படுங்கள், வீட்டைத் தனியாக விடாதீர்கள், காலையில் முதல் வேலை அது. வண்டிச் சாவியும் அதே கொத்தில் இருந்ததா என்று பாருங்கள்.

கேள்வி: தாத்தா காலத்து வீடு. தேக்குக் கதவு, வெளியே கொண்டி போட்டுப் பெரிய திண்டுக்கல் பூட்டு. பூட்டு நன்றாகவே இருக்கிறது. மகன் இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது மாடல் போடச் சொல்கிறான்.
– வாசகர், காரைக்குடி

பதில்: தூக்கிப் போடாதீர்கள் ஐயா! திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடே கிடைத்தது. மாங்காய்ப் பூட்டு, சாவியைத் திருப்பினால் மணி அடிக்கும் பூட்டு என்று கையாலேயே செய்து கோயிலுக்கும் கிட்டங்கிக்கும் அனுப்பிய ஊர் அது. உள்ளே இருப்பது குச்சி இல்லை, தகடு தகடாக லீவர். சாவி ஒவ்வொரு லீவரையும் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் திறக்கும். நல்ல லீவர் பூட்டைக் கம்பி விட்டு நோண்டித் திறப்பது லேசான காரியம் இல்லை.

ஆனால் உங்கள் மகன் சொல்வதிலும் பாதி சரி. வருகிறவன் எங்கே பூட்டை நோண்டப் போகிறான்? பேப்பரில் பாருங்கள், "பூட்டை உடைத்து" என்றுதான் எப்போதும் போட்டிருக்கும். கடப்பாரையைக் கொண்டிக்குள் விட்டு நெம்பினால் பூட்டு அப்படியே இருக்கும், கொண்டி மரத்தோடு பெயர்ந்து வரும். அறுபது வருட ஸ்க்ரூ துருப்பிடித்துப் போயிருக்கும், ஓட்டை இளகியிருக்கும். போதாதற்கு, வெளியே தொங்கும் பூட்டு வீட்டில் ஆள் இல்லை என்று தெருவுக்குத் தண்டோரா போடுகிறது. உள்ளே ஆள் இருக்கிறாரா இல்லையா என்று வெளியே தெரியாத மாதிரி, கதவுக்குள்ளேயே புதைக்கிற பூட்டு ஒன்றைப் பிரதானமாகப் போடுங்கள். தேக்கைக் குடைய நல்ல ஆசாரியைக் கூப்பிடுங்கள், கண்டவர் கையில் டிரில்லரைக் கொடுக்காதீர்கள். நிலையில் தாழ் போய் உட்காரும் இடத்துத் தகட்டுக்கு முக்கால் அங்குல ஸ்க்ரூ போட்டுவிட்டுப் போவார்கள், மூன்று அங்குலம் போடச் சொல்லுங்கள். பூட்டை விட இது முக்கியம், செலவும் ஒரு டீ காசுதான். தாத்தா பூட்டைக் கொல்லைக் கதவுக்குப் புதுக் கொண்டியோடு போட்டுக்கொள்ளலாம். ஊருக்குப் போகும்போது காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.

கேள்வி: மகள் கனடாவில் இருக்கிறாள். கைரேகை வைத்தால் திறக்கும் டிஜிட்டல் பூட்டு வாங்கித் தருகிறேன் என்கிறாள். எனக்கு 71, வீட்டம்மாவுக்கு 66. நம்பலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் கைரேகையை மட்டும் நம்பி வேண்டாம். வயதானால், அதுவும் பாத்திரம் தேய்த்த கை என்றால், ரேகை தேய்ந்துபோகும். ரேஷன் கடையில் எத்தனை பேர் விரலைத் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்க்கிறார்கள்? நம்பர் போட்டும், அட்டை காட்டியும் திறக்கிற மாதிரி வாங்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் நாலு பென்சில் செல்லில் ஓடும். கரண்ட் போனால் பிரச்சினை இல்லை, செல் தீர்ந்தால்தான் பிரச்சினை. வெளியிலிருந்து 9 வோல்ட் பேட்டரி வைத்தோ போன் சார்ஜர் ஒயர் மாட்டியோ உயிர் கொடுக்கிற வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், இந்தப் பூட்டு பலவற்றில் அவசரத்துக்கு ஒரு சாதாரணச் சாவியும் உண்டு. அதை வீட்டுக்குள் பீரோவில் வைத்துவிட்டு வெளியே மாட்டிக்கொண்டு நிற்பவர்கள் அதிகம். பக்கத்துத் தெரு சொந்தக்காரர் யாரிடமாவது கொடுத்து வையுங்கள். கடையில் வரும்போதே போட்டிருக்கும் நம்பரை முதல் நாளே மாற்றுங்கள். வேலைக்கு வருகிறவருக்குத் தனி நம்பர், அவர் நின்றால் அந்த நம்பரை அழித்துவிட்டால் போதும். திருச்சி அம்மாவுக்கு இருக்கிற தர்மசங்கடம் உங்களுக்கு இல்லை.

கேள்வி: பூட்டு இறுகிப்போய்ச் சாவி நுழையவே மாட்டேன் என்கிறது. தேங்காய் எண்ணெய் விடலாமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: தலைக்கு விடுங்கள். பூட்டுக்குள் போனால் தூசியைப் பிடித்து வைத்துக்கொண்டு பிசினாகிவிடும், நாலு நாள் நன்றாகத் திறக்கும், நாலு மாதத்தில் முன்பை விட இறுகும். பென்சில் முனையைச் சாவியின் பல்லில் நன்றாகத் தேய்த்து, உள்ளே விட்டு நாலைந்து தடவை இழுத்து இழுத்துத் திருப்புங்கள். அந்தக் கரித்தூள் போதும். அதற்கும் மசியாவிட்டால் வம்படியாகத் திருப்பாதீர்கள், சாவி உள்ளேயே ஒடிந்துவிடும்.